18 மீட்டரும் 10 பாகமும்

ஸ்கூபா டைவிங் பழகியவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. கையில் கார்டு இருந்தால் போதுமா, இல்லை அனுபவம்தான் பெரிசா? கார்டு கட்சிக்காரர்கள் "எந்த ஆழத்துக்குப் பயிற்சி வாங்கினியோ அதோட நில்லு" என்பார்கள். அனுபவக் கட்சி "நாலு நாள்ல வாங்கின பிளாஸ்டிக் அட்டை கடலுக்குத் தெரியுமா?" என்று கேட்கும். மூன்றாவதாக ஒருத்தர் வந்து "அவங்கவங்க எல்லை அவங்கவங்களுக்குத் தெரியணும், அவ்ளோதான்" என்று சமாதானம் பண்ணி வைப்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்று வாதத்தையும் தூத்துக்குடிக் கடலில் கொண்டுபோய் இறக்கினால் மூன்றும் தடுமாறுகின்றன. எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

ஏன் தூத்துக்குடி? முதல்கட்டமான 'ஓப்பன் வாட்டர்' கார்டு வாங்கியவருக்குச் சொல்லப்படும் ஆழம் 18 மீட்டர். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி கிடந்த பார்கள் பெரும்பாலும் 5 பாகத்திலிருந்து 10 பாகம் ஆழம். ஒரு பாகம் என்பது கை ரெண்டையும் விரித்த நீளம், சுமாராக 6 அடி. 10 பாகம் என்றால் 60 அடி, அதாவது அதே 18 மீட்டர். அமெரிக்காவில் அச்சடித்த அட்டையும் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக முங்கின ஆழமும் ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயல்தான். ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியான தற்செயல்.

முதலில் கார்டு. உலகத்தில் அதிகம் புழங்குவது பி.ஏ.டி.ஐ. நிறுவனத்தின் கார்டு. 1966-ல் ஜான் க்ரோனின், ரால்ஃப் எரிக்சன் என்ற ரெண்டு அமெரிக்கர்கள் தொடங்கியது. கொஞ்சம் பாடம், நீச்சல்குளத்தில் பயிற்சி, பிறகு கடலிலோ ஏரியிலோ 4 முங்கல். முடிந்தால் 18 மீட்டருக்கான கார்டு. மேற்கொண்டு 5 முங்கல் போட்டால் 'அட்வான்ஸ்ட்' கார்டு, 30 மீட்டர். ஆக வாழ்நாளில் மொத்தம் 9 முறை தண்ணீருக்குள் போனவர் 'அட்வான்ஸ்ட்' ஆகிவிடலாம். இந்தப் பெயரை வைத்தவர்களுக்கு வியாபாரம் நன்றாகத் தெரியும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இன்னொன்று, இந்தக் கார்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. இருபத்தைந்து வயதில் வாங்கினதை ஐம்பத்தைந்து வயதில், தொப்பையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்த பிறகும் நீட்டலாம். ரொம்ப நாள் முங்காதவர் மறுபயிற்சி எடுக்கணும் என்று நிறுவனமே சொல்கிறது, நல்ல டைவிங் கடைகள் கேட்கவும் செய்கின்றன. ஆனால் அட்டை அதைச் சொல்லாது.

நம்ம ஊரில் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ். அதை வைத்துக்கொண்டு ராத்திரி மழையில் திண்டிவனம் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவில் ஓட்டலாம், சட்டம் தடுக்காது. எட்டு போட்டதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் உண்டு, ரொம்ப இல்லை. டைவிங் கார்டும் அந்த வகைதான். ஒரு குறிப்பிட்ட நாளில், தெளிந்த தண்ணீரில், பக்கத்தில் ஆள் இருக்க, இந்த இந்த வேலையை இவர் செய்து காட்டினார் என்பதற்கான ரசீது. இதுவரைக்கும் அனுபவக் கட்சி சொல்வது சரி.

சிக்கல் அடுத்த அடியில். "அப்போ அனுபவம் இருந்தா போதும்" என்று அவர்கள் தாவுகிறார்கள் பாருங்கள், அங்கே.

எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கம் கடலும் இல்லை, வருஷம் பூரா ஓடும் ஆறும் இல்லை. நீச்சல் என்றால் கிணறுதான். சுரைக்குடுக்கை கட்டியோ டிராக்டர் டியூப் போட்டோ பழகி, அப்புறம் மோட்டார் கொட்டாய் மேலிருந்து குதித்து, கடைசியில் 'அடி மண் எடுத்துட்டு வர்றது' என்ற பரீட்சை. முங்கிப் போய் கிணற்றின் அடியிலிருந்து ஒரு பிடி சேற்றை எடுத்து வந்து மேலே காட்டணும். அதுவும் ஒரு சான்றிதழ்தான், கையில் ஒட்டியிருக்கும் சேறுதான் அட்டை. இப்படிப் பழகின பையன்கள் செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போய் சிலிண்டரோடு கடலில் இறங்க ஆசைப்படுவது இப்போது சகஜம். தண்ணீர் பயம் இல்லாத பிள்ளைகள். ஆனால் அவர்கள் உடம்பில் ஊறியிருக்கும் முதல் பழக்கம் மூச்சை அடக்குவது. ஸ்கூபாவின் முதல் விதி, எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே.

காரணம் எளிது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல ரெண்டு மடங்கு. கிணற்றுப் பையன் மேலே இழுத்த மூச்சோடு கீழே போகிறான். அந்தக் காற்று போகப் போகச் சுருங்கி, திரும்பி வரும்போது பழைய அளவுக்கு விரிகிறது. ஆபத்தில்லை. சிலிண்டரோடு போனவரோ அந்த 10 மீட்டரிலேயே நெஞ்சு நிறையக் காற்றை இழுக்கிறார். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது ரெட்டிப்பாக விரியும். விரிய நுரையீரலில் இடமில்லை. திசு கிழிந்து காற்றுக்குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். பதறினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வது கிணற்றில் பழகியவனுக்குக் கை வந்த பழக்கம், அங்கே அது அவனைக் காப்பாற்றும். சிலிண்டரோடு அதையே செய்தால் செத்துப்போகலாம்.

இதை ஒரு நல்ல இன்ஸ்ட்ரக்டர் ரெண்டு நாளில் மாற்றிவிடுவார். இதைவிடப் பெரிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. அதற்குத் திரும்பவும் முத்துப்பாருக்குப் போகணும்.

பழைய முத்துக்குளிப்பை ஜேம்ஸ் ஹார்னெல் போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் முத்து, சங்குக் குளிப்புகளைக் கவனித்த அதிகாரி அவர், சங்கு பற்றி 1914-ல் தனிப் புத்தகமே போட்டார். முறை இதுதான்: கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து வேகமாக இறங்கணும், ஒரு நிமிஷம் முன்னே பின்னே கீழே இருந்து சிப்பியை வாரிக் கூடையில் போடணும், கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். அந்தக் கயிற்றைப் பிடிப்பது பெண்டாட்டியின் அண்ணன் தம்பியாக இருக்கணும் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்று மச்சான் கண்ணயர மாட்டான் என்பது கணக்கு. இதை வெறும் சுவாரசியக் கதையாக மட்டும் படிக்கத் தேவையில்லை. இன்றைய டைவிங்கில் 'படி சிஸ்டம்' என்று ஜோடி சேர்த்து அனுப்புகிறார்கள். முன்பின் தெரியாத ரெண்டு பேரைப் படகில் வைத்து "நீங்க ரெண்டு பேரும் ஜோடி" என்று சொல்லிவிடுகிறார்கள். மச்சான் முறை அதைவிட யோசித்துச் செய்த ஏற்பாடு.

இன்னொருத்தரும் உண்டு, கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்பவர். அவர் வந்து நின்றால்தான் குளிப்பவர்கள் தண்ணீரில் இறங்குவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பக்கத்துச் சலாபத்தில் வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. மூடநம்பிக்கை என்று எழுதிக்கொண்டே சம்பளமும் கொடுத்தார்கள். இல்லாவிட்டால் சலாபம் நடக்காதே! அவர் யாருக்கும் அட்டை கொடுக்கவில்லை. இன்றைக்கு, இந்தக் கடலில், இறங்கலாமா கூடாதா என்று மட்டும் சொன்னார். அவர் சொன்ன காரணம் தப்பு. ஆனால் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி சரியான கேள்வி. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

தூத்துக்குடியில் கடைசி முத்துச்சலாபம் 1961. அதற்குப் பிறகும் சங்குகுளி நின்றுவிடவில்லை. வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் போடும் சங்கு வளையலுக்கு நம் கடல் சங்கு இன்றும் வேண்டும். பின்னாளில் கம்ப்ரசர் வந்தது. படகில் எஞ்சினோடு ஓடும் கம்ப்ரசர், அதிலிருந்து நீளமான குழாய், வாயில் கடித்துக்கொள்ள ஒரு முனை. கீழே நிமிஷக் கணக்கு போய் மணிக்கணக்கு ஆனது. 10 பாகம் தாண்டியும் போக முடிந்தது.

இங்கேதான் அனுபவம் கைவிடுகிறது. மூச்சடக்கிக் குளித்தவர்களின் அனுபவம் பெரிய அனுபவம், சந்தேகமே இல்லை. நீரோட்டம், வானிலை, பார் எங்கே இருக்கிறது, சங்கு மணலில் விட்ட தடம், காது அடைத்தால் என்ன செய்யணும், எல்லாம் அதில் இருக்கிறது. நைட்ரஜன் மட்டும் இல்லை. மூச்சடக்கி ஒரு நிமிஷம் போய் வருபவர் உடம்பில் பொதுவாகக் கவலைப்படும் அளவுக்கு நைட்ரஜன் ஏறாது. அழுத்தமான காற்றை ஆழத்தில் மணிக்கணக்கில் சுவாசிப்பவர் உடம்பில் அது திசுக்களில் கரைந்துகொண்டே போகும். கரையும்போது வலிக்காது, மூச்சு முட்டாது. கீழே இருக்கிற வரைக்கும் சுகமாகத்தான் இருக்கும். மேலே வந்த பிறகு, சில சமயம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு, குமிழாக வெளிவரும். மூட்டு வலி, மரத்துப்போதல், காலில் வாதம். இதுதான் பெண்ட்ஸ்.

ஒரு மனுஷன் அனுபவத்தில் கற்றுக்கொள்வது எப்படி? சுட்டால் கையை எடுக்கிறான், அடுத்த முறை ஜாக்கிரதையாக இருக்கிறான். சூடு உடனே தெரிந்தால்தான் இது வேலை செய்யும். நூறு முறை அதே ஆழத்துக்குப் போய் ஒன்றும் ஆகாமல் வந்தவர் "எனக்கு இது ஒத்துக்கும்" என்று முடிவு கட்டுவார். நூறு முறையும் விளிம்புக்கு ஒரு அங்குலம் இந்தப் பக்கம் இருந்து வந்திருக்கலாம், உடம்பு அதைச் சொல்லியிருக்காது. நூற்றியோராவது முறை கால் போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் அனுபவம் தவறான பாடத்தையே கற்றுக்கொடுக்கும். அதுவும் எத்தனைக்கெத்தனை அனுபவசாலியோ அத்தனைக்கத்தனை உறுதியாக.

இது நம் கடலில் மட்டும் நடந்ததில்லை. கிரேக்கத்தில் கலிம்னோஸ், சிமி தீவுகளில் கடற்பஞ்சு எடுப்பவர்கள் ஆதிகாலம் தொட்டு மூச்சடக்கி முங்கியவர்கள். 1860-களில் பித்தளைத் தலைக்கவசமும் காற்றுக் குழாயும் உள்ள உடை வந்தது. உலகத்திலேயே தேர்ந்த முக்குளிப்பவர்கள் கையில் அதைக் கொடுத்ததும் ஆண்கள் கூட்டம் கூட்டமாக வாதத்தில் விழுந்தார்கள், செத்தார்கள். கலிம்னோஸில் 'மிகானிகோஸ்' என்று ஒரு ஆட்டம் இன்றும் ஆடுகிறார்கள். ஒருத்தர் தடியை ஊன்றிக்கொண்டு, கால் நடுங்க, சொன்னபடி கேட்காத உடம்போடு ஆடுவார். இந்த முடமான முக்குளிப்பவர்தான் அது. மத்திய அமெரிக்காவில் மிஸ்கிட்டோ மக்கள் கடல் இறால் பிடிக்கச் சிலிண்டரோடு முங்கி இதே கதிக்கு ஆளானார்கள். 42 பேர் சம்பந்தப்பட்ட வழக்கில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2021-ல் ஹோண்டுராஸ் அரசைப் பொறுப்பாக்கித் தீர்ப்பு சொன்னது. அவர்களில் யாரும் அனுபவம் இல்லாதவர்கள் என்று சொல்ல முடியுமா?

சரி, அப்போ கார்டு கட்சி ஜெயித்துவிட்டதா? அவர்கள் கையில் இருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன என்றும் பார்த்துவிடுவோம்.

பெண்ட்ஸ் வராமல் மேலே வருவதற்கான முதல் அட்டவணை 1908-ல் வந்தது. ஜே.எஸ். ஹால்டேன், பாய்காட், டேமன்ட் மூவரும் பிரிட்டிஷ் கடற்படைக்காகச் செய்தது. அழுத்த அறையில் ஆடுகளை அடைத்து, விட்டுவிட்டு, எந்த ஆடு நொண்டுகிறது என்று பார்த்தார்கள். அந்த ஆடுகளின் கால்தான் இன்று நம் மணிக்கட்டில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டருக்கும் பாட்டன். அதற்குப் பிறகு, எவ்வளவு வேகமாக மேலே வரலாம் என்ற கேள்வி. 1950-களில் அமெரிக்கக் கடற்படையில் நீந்திப் போகும் வீரர்கள் நிமிஷத்துக்கு 100 அடியாவது வேண்டும் என்றார்கள். கனமான உடையோடு கயிற்றில் இழுக்கப்படுபவர்கள் அவ்வளவு வேகம் முடியாது என்றார்கள். பேசி முடித்த எண் 60. நிமிஷத்துக்கு 60 அடி, நொடிக்கு ஒரு அடி, ஞாபகம் வைக்க லேசு. பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க வேதவாக்காகச் சொல்லித்தரப்பட்ட இந்த வேகம் ஒரு பேரம். 1993-ல் அதே கடற்படை அதை 30 அடியாகக் குறைத்தது.

இதைக் கேட்டுவிட்டு "பாத்தியா, எல்லாம் பேப்பர்ல எழுதினது" என்று அனுபவக் கட்சி கைதட்ட வேண்டாம். அட்டவணையும் அனுபவம்தான். ஆடுகளின் அனுபவம், கடற்படைக்காரர்களின் அனுபவம், முடமானவர்களின் அனுபவம். ஒருத்தருடைய ஒரே உடம்பு தன் ஆயுளுக்குள் கற்றுக்கொள்ள முடியாததை ஆயிரம் உடம்புகளிலிருந்து எடுத்து எழுதி வைத்தது. அதைத் தூக்கிப்போட யாருக்கும் தைரியம் வரக்கூடாது. ஆனால் யார் உடம்பு? பெரும்பாலும் திடகாத்திரமான இளம் ஆண்கள். மனிதர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையே, பிறந்ததும் மூடியிருக்க வேண்டிய ஒரு துளை முழுசாக மூடாமல் இருக்கும். சாதாரண வாழ்க்கையில் அதனால் தொந்தரவு இல்லை, தெரியக்கூடத் தெரியாது. டைவிங்கில் குமிழ்கள் நுரையீரலில் வடிகட்டப்படாமல் அந்த வழியாக நேரே மூளைப் பக்கம் போக முடியும். அட்டவணைக்கு உள்ளேயே இருந்தும் பெண்ட்ஸ் வருபவர்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைக் கார்டும் சொல்லாது, அனுபவமும் சொல்லாது.

மூன்றாவது கட்சி, "அவரவர் எல்லை". எனக்கு அதிகம் ஒட்டாதது இதுதான், ஏனென்றால் எதிர்த்துப் பேசவே முடியாத மாதிரி நல்ல பிள்ளையாக நிற்கிறது. எல்லை தெரிவது ஒன்று, அதில் நிற்க முடிவது இன்னொன்று. பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, முன்பணம் கட்டி, படகில் வாந்தியும் எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் "நான் இன்னைக்கு இறங்கலை" என்று சொல்ல எவ்வளவு கூச்சப்படுவார்! அவருக்குப் போவது காசும் கொஞ்சம் கௌரவமும். சங்குகுளியில் சங்கு எடுத்தால்தான் காசு. டீசல் செலவு ஏறிவிட்டது, படகில் நாலு பேர் காத்திருக்கிறார்கள். அவரிடம் போய் "உங்க உடம்பு சொல்றதைக் கேளுங்க அண்ணாச்சி" என்று சொன்னால், உடம்போடு வயிறும்தானே பேசும்?

சினிமாவும் இந்த விஷயத்தில் நமக்கு உதவி செய்யவில்லை. 2011-ல் வந்த 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' இந்தியாவில் பல பேருக்கு ஸ்கூபா ஆசையைக் கொடுத்த படம். தண்ணீருக்குப் பயந்த நாயகன் முங்கி எழுந்து கண்ணீர் விடுகிறான், வாழ்க்கை திறந்துகொள்கிறது. காட்சி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் எல்லை என்பது தாண்டப்பட வேண்டிய பயம், அவ்வளவே. பயம் சரியான தகவலாகவும் இருக்கலாம் என்பதற்கு அந்தக் கதையில் இடமில்லை. தமிழில் 'மரியான்' (2013) நேர் எதிர்ப்பக்கம். மீனவ நாயகன் மூச்சடக்கி ஆழத்தில் போய்க் குத்தீட்டியால் மீன் குத்துகிறான், கடல் அவனுடைய சொந்த வீடு. ஒன்றில் சுற்றுலாக்காரரின் பயம் பொய், இன்னொன்றில் மீனவனின் உடம்பு பொய்க்காது. ரெண்டு கற்பனையும் நிஜக் கடலில் ஆளை மாட்டிவிடும்.

தாய்லாந்து குகையை இரு கட்சியும் சாட்சிக்கு இழுப்பதுண்டு. 2018-ல் தாம் லுவாங் குகையில் 12 பையன்களும் அவர்கள் பயிற்சியாளரும் மாட்டிக்கொண்டபோது முறைப்படி பயிற்சி பெற்ற தாய் கடற்படை வீரர்கள் திணறினார்கள். முன்னாள் வீரர் சமன் குனான் அங்கே உயிரைவிட்டார். பையன்களைக் கண்டுபிடித்தது ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் என்ற ரெண்டு பிரிட்டிஷ்காரர்கள். ஒருத்தர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், மற்றவர் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். குகை டைவிங் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. "அமெச்சூர் ஜெயிச்சான், சர்ட்டிஃபிகேட் தோத்தது" என்று இதைச் சுருக்குவது தப்பு. கடற்படை வீரர்களின் பயிற்சி திறந்த கடலுக்கானது, இங்கே இருந்ததோ சேற்றுத் தண்ணீர் ஓடும் இடுக்கு. பிரிட்டிஷ் குகை டைவர்களுக்குப் பின்னால் 1946-லிருந்து இருக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. மூத்தவர் கூடவே பல வருஷம் போய் வந்து கற்றுக்கொள்ளும் வழக்கம் அங்கே. நாலு நாள் கோர்ஸ் அல்ல, ஆனால் "நானே பழகிக்கிட்டேன்" என்பதும் அல்ல. கயிறு பிடித்த மச்சானுக்கு இதுதான் கிட்டத்து உறவு.

சாவுகளை எண்ணிப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? அமெரிக்காவிலிருந்து இயங்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் 1992 முதல் 2003 வரை நடந்த 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை அலசி 2008-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. தொடக்கக் காரணம் தெரிந்தவற்றில் 41 விழுக்காடு காற்று தீர்ந்துபோனது. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று மீட்டரைப் பார் என்பது முதல் நாள் பாடம். எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தீர்ந்துபோகிறது.

இதோடு கம்ப்ரசர் குழாயை வைத்துப் பாருங்கள், தலைகீழாக இருக்கும். சிலிண்டர் ஒரு மணி நேரம் முன்னே பின்னே தீர்ந்துவிடும். சுற்றுலாக்காரரைக் கொல்லும் அதே சங்கதி அவருக்கு ஒரு கடிவாளமும் கூட, காற்று தீர்வதற்குள் மேலே வந்தே ஆகணும். கம்ப்ரசர் தீராது. டீசல் இருக்கும்வரை காற்று வரும். நேரம் சொல்ல கருவி இல்லை, ஆழம் சொல்ல கருவி இல்லை, காற்று இழுக்கும் வாய் எஞ்சின் புகைப் பக்கம் திரும்பிவிட்டால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து இறங்கும், அதுவும் வாசனை காட்டாது. யாருக்கு அட்டவணை உயிர்காக்கும் தேவையோ அவர் கையில் அது இல்லை. வாழ்நாளில் 9 முறை இறங்குபவர் கையில் வழவழப்பான பாடப்புத்தகம் இருக்கிறது. கார்டா அனுபவமா என்ற சண்டையில் யாரும் பேசாத இடம் இது.

அந்த அறிவு அப்படி ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானமில்லை. அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணையை எடுத்துப் பாகத்தில் மாற்றிப் பாருங்கள். இடையில் நிற்காமல் நேரே மேலே வரக்கூடிய நேரம்: 60 அடிக்கு 60 நிமிஷம், 90 அடிக்கு 30, 120 அடிக்கு 15. அதாவது 10 பாகத்துக்கு 60, 15 பாகத்துக்கு 30, 20 பாகத்துக்கு 15. ஒவ்வொரு 5 பாகத்துக்கும் நேரம் பாதியாகிறது. வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுக்கலாம். இதைப் படித்துவிட்டு யாரும் இறங்கக் கூடாது. இது அன்றைய முதல் முங்கலுக்கு மட்டும், அதுவும் கடற்படை இளைஞர்களை மனதில் வைத்தது. இன்றைய பி.ஏ.டி.ஐ. அட்டவணை 18 மீட்டருக்கு 56 நிமிஷம், 30 மீட்டருக்கு 20 நிமிஷம்தான் தருகிறது. ரெண்டாவது முங்கலுக்கு இன்னும் குறையும், ஏனென்றால் முதல் முங்கலின் நைட்ரஜன் உடம்பில் பாக்கி இருக்கும். ஆனாலும் கணக்கின் வடிவம் இதுதான். ஒரு நாள் முழுக்க 15 பாகத்தில் குழாயோடு கிடப்பவர் இந்தக் கோட்டை எத்தனை மடங்கு தாண்டுகிறார் என்று பார்க்க யாரும் விஞ்ஞானியாக இருக்க வேண்டாம்.

இப்போது கடல்கட்டியைத் திரும்பக் கூப்பிடுகிறேன். அவரிடம் கேட்ட கேள்விக்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு பதில் இருந்தது. நாள்பட்டுக் கிடந்த கிணற்றில் தூர் வார இறங்குவதற்கு முன்னால் பெரியவர்கள் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. கிணற்றுக்கடியில் பிராணவாயு இல்லாமல் முதலில் இறங்கியவர் மயங்கி விழ, தூக்க இறங்கிய தம்பியும் விழ, அடுத்தவரும் விழுந்து வரிசையாகச் சாவது தமிழ்நாட்டில் இன்றும் செய்தித்தாளில் வருகிறது. இறந்தவர்களில் பாதிப்பேர் கிணற்று வேலையில் ஊறியவர்களாகத்தான் இருப்பார்கள். விளக்கு எல்லா விஷவாயுவையும் காட்டாது, எரியும் வாயு இருந்தால் ஆபத்தும்கூட. இன்று அதற்குக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் அந்த விளக்கு இறங்குபவரின் தகுதியைக் கேட்கவில்லை, எத்தனை வருஷ அனுபவம் என்றும் கேட்கவில்லை. இந்தக் கிணறு, இன்றைக்கு. அதுவும் முடிவு இறங்குபவர் கையில் இல்லை, மேலே நிற்பவர்கள் கையில் இருந்தது.

டைவிங்கில் இந்த விளக்கு பல துண்டாக இருக்கிறது. ஆழமும் நேரமும் காட்டும் கருவி, முந்தின முங்கலிலிருந்து எவ்வளவு நேரம் ஆச்சு என்ற கணக்கு, ராத்திரி தூங்கினாரா, தண்ணீர் குடித்தாரா, சளி இருக்கிறதா என்ற நாலு கேள்வி, வேண்டாம் என்று சொன்னால் அன்றைய கூலி போகாது என்ற ஏற்பாடு. கடைசியில் சொன்னதுதான் விலை கூடியது. குகை டைவிங்குக்கு ஷெக் எக்ஸ்லி இதையே செய்தார். 1979-ல் ஒரு சின்னப் புத்தகத்தில், செத்தவர்கள் ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்று அலசி விதிகளாக மாற்றினார்: வெளியே போகும் வழிக்குத் தொடர்ந்த கயிறு, மூன்றில் ஒரு பங்குக் காற்றில் திரும்பிவிடுவது. அந்த விதிகள் எத்தனையோ பேரைக் காப்பாற்றின. அவரே 1994-ல் மெக்சிகோவில் 1,000 அடி ஆழத்தைத் தொடும் முயற்சியில் இறந்தார். அவரைவிட அனுபவசாலி அன்று உலகத்தில் யாருமில்லை.

தெரேஸ்புரம் கடற்கரையில் ஒரு பலகை வைக்கலாம். மேலே பாகம், பக்கத்தில் நிமிஷம். கீழே, ரெண்டாவது முங்கலுக்கு நேரம் குறையும் என்ற ஒரு வரி, எஞ்சின் புகைக்கு எதிர்ப்பக்கம் காற்று வாய் இருக்கணும் என்ற ஒரு வரி, கரை ஏறின பிறகு கால் மரத்தால் எந்த எண்ணுக்குப் போன் பண்ணணும் என்ற ஒரு வரி. எண்களை அந்தக் கடலுக்கும் அந்த வேலைக்கும் பொருந்துகிற மாதிரி கடலடி மருத்துவம் படித்தவர்கள் உட்கார்ந்து இறுக்கிப் போடணும், குளிப்பவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பவளப்பாறைகளை ஆராய அங்கே முறைப்படி சிலிண்டரோடு இறங்குகிற விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். மகாதேவன், நாகப்பன் நாயர் போன்றவர்கள் 1960-களிலேயே அந்தக் கடலடியைச் சிலிண்டரோடு போய்ப் பார்த்து எழுதியவர்கள். ஒரே கடலில், ஒரே ஆழத்தில், அட்டவணையோடு ஒரு படகும் அட்டவணை இல்லாமல் ஒரு படகும் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பக்கத்துப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கின்றன.